தூரம் மாறாது, நேரம் மட்டும் ஏன் மாறுது? ரெண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவுல ஓடுற கணக்கு

லண்டன்ல இருந்து நியூயார்க் போக கிட்டத்தட்ட 8 மணி நேரம்னு டிக்கெட்ல போட்டிருக்கும். அதே நியூயார்க்ல இருந்து லண்டன் திரும்ப 7 மணி நேரம்னு போட்டிருக்கும், சில நாள் அதுக்கும் முன்னாடியே இறக்கி விட்டுருவாங்க. நடுவுல இருக்குற 5,540 கிலோமீட்டர்ல ஒரு முழம் கூட குறையல, விமானமும் அதேதான், இன்ஜினும் அதேதான், ஆனா ஒரு மணி நேரம் எங்கயோ காணாம போயிடுது. இதைப் பாத்துட்டு "இந்த ஏர்போர்ட்டுக்கும் அந்த ஏர்போர்ட்டுக்கும் எவ்வளவு நேரம்"னு யாராவது கேட்டா ஒரே ஒரு நம்பரை சொல்லிட்டுப் போறது எனக்கு எப்பவுமே கொஞ்சம் ஒப்பாது. தூரத்தைக் கேட்டா ஒரு நம்பர் சொல்லலாம், அது பூமியோட வடிவத்துலயே இருக்கு. நேரத்துக்கு அப்படி ஒரு நிலையான பதில் கிடையாது, அன்னைக்கு காத்து எப்படி, எந்த நாடு வழி விடுது, டேங்க்ல எவ்வளவு ஊத்தியிருக்காங்க, டைம்டேபிள் போட்டவர் எவ்வளவு கொசுறு சேத்தாரு, இதெல்லாம் சேந்து முடிவாகுற சமாச்சாரம் அது.

முதல்ல தூரத்தைப் பாப்போம், அதுலயே நிறைய பேர் தடுக்கி விழுறாங்க. தட்டையா விரிச்ச உலக மேப்ல ரெண்டு ஊருக்கு நடுவுல ஸ்கேல் வச்சு கோடு போட்டா அதுதான் குறுக்கு வழின்னு தோணும், ஆனா பூமி உருண்டை, அந்தக் கோடு பொய். ஒரு பந்தை எடுத்து ரெண்டு இடத்துல குண்டூசி குத்தி நடுவுல ஒரு நூலை இறுக்கி இழுத்துப் பாருங்க, நூல் தானா எந்த வழியா படியுதோ அதுதான் உண்மையான குறுக்கு வழி, அதைத்தான் பெருவட்டப் பாதைன்னு சொல்றாங்க, விமானத் துறையில கிரேட் சர்க்கிள். இதுக்கு நான் எப்பவும் எடுக்குற உதாரணம் நியூயார்க்கும் பெய்ஜிங்கும். ரெண்டுமே வடக்கு அட்சரேகை 40 டிகிரி பக்கத்துலதான் இருக்கு, மேப்ல பாத்தா நேர் கிழக்கு மேற்கா கோடு போட்டா போதும் மாதிரி இருக்கும், அந்தக் கோட்டுலயே போனா சுமார் 14,400 கிலோமீட்டர் வரும். பெருவட்டத்துல போனா சுமார் 11,000தான். 3,400 கிலோமீட்டர் மிச்சம்! ஆனா அந்தப் பாதை வடக்கால கிளம்பி வட துருவத்தை ஒட்டி ஏறி அந்தப் பக்கம் இறங்குது, மேப்ல பாத்தா தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற மாதிரிதான் தெரியும். சீட்டுக்கு முன்னாடி இருக்குற ஸ்க்ரீன்ல விமானம் வில்லு மாதிரி வளைஞ்சு போறதைப் பாத்து "ஏன் இப்படி சுத்திப் போறான்"னு சலிச்சுக்கிறவங்க உண்டு. வளைஞ்சிருக்கறது மேப், விமானம் நேராத்தான் போகுது.

அந்த மேப்பையும் ரொம்ப திட்ட முடியாது. மெர்கேட்டர்ங்கற மேப் வரையுறவர் 1569ல அதைப் போட்டது கப்பல்காரங்களுக்காக, திசைகாட்டியில ஒரே கோணத்தைப் பிடிச்சுக்கிட்டு போனா மேப்ல அது நேர்க்கோடா வரணும், அவ்வளவுதான் அவரோட நோக்கம். அதுக்கு விலையா துருவத்துப் பக்கம் எல்லாம் ஊதிப்போச்சு, கிரீன்லாந்தைவிட ஆப்பிரிக்கா கிட்டத்தட்ட 14 மடங்கு பெருசுன்னா அந்த மேப்பைப் பாத்து வளந்தவங்க யாரும் நம்ப மாட்டாங்க.

பெருவட்ட தூரத்தை கையாலயே போட முடியுமான்னா சில ஜோடிக்கு முடியும். சிங்கப்பூர் கிட்டத்தட்ட கிழக்கு தீர்க்கரேகை 104 டிகிரியில இருக்கு, நியூயார்க் மேற்கு 74ல, ரெண்டையும் கூட்டினா 178, அதாவது ஏறக்குறைய உலகத்தோட எதிரெதிர் பக்கம். அப்படின்னா நடுவுல குறுக்கு வழி வட துருவத்தை உரசிக்கிட்டுதான் போகணும். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு மேல 1.4 டிகிரி, நியூயார்க் 40.6, சேத்தா 42. 180ல இருந்து 42 போனா 138 டிகிரி. ஒரு டிகிரிக்கு சுமார் 111.2 கிலோமீட்டர், பெருக்கிப் பாருங்க, 15,300 சொச்சம் வரும். இன்னைக்கு உலகத்துலயே நீளமான இடைநில்லா பயணிகள் சேவைன்னு சொல்ற அந்த ரூட்டுக்கு அதிகாரபூர்வமா சொல்ற தூரம் 15,349 கிலோமீட்டர். பேப்பர் பேனாவுல இவ்வளவு கிட்ட வந்தா போதாதா!

மத்த ஜோடிகளுக்கு கொஞ்சம் முக்கோணவியல் வேணும், ஹாவர்சைன் சூத்திரம்னு ஒண்ணு இருக்கு, அதை கம்ப்யூட்டர்ல நாலு வரியில எழுதிடலாம். அது பூமியை முழு உருண்டைன்னு நினைச்சுக்கிட்டு கணக்கு போடும், உண்மையில பூமி நடுவுல கொஞ்சம் பிதுங்கியிருக்கு, பூமத்திய ரேகையில ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்துல 6,357. அதனால அரை சதவீதம் வரைக்கும் தப்பு வரலாம், 10,000 கிலோமீட்டர்ல 50. அதையும் சரி பண்ணணும்னா 1975ல வின்சென்டி கொடுத்த முறை இருக்கு, மில்லிமீட்டர் கணக்குல துல்லியம், ஆனா நேர் எதிர்ப்பக்கத்துல இருக்குற ரெண்டு இடத்தைக் கொடுத்தா அது திணறி நின்னுரும். பயணிக்கு இதெல்லாம் தேவையே இல்ல, பின்னாடி வரப்போற சமாச்சாரங்களுக்கு முன்னாடி 50 கிலோமீட்டர் ஒரு விஷயமே கிடையாது. ஒண்ணு மட்டும் கவனிச்சுக்கோங்க, விமானத்துறையில தூரம் சொல்லும்போது கடல் மைல்தான், ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். சாதாரண மைல் 1,609 மீட்டர். இதை ரெண்டையும் குழப்பிக்கிட்டா 15 சதவீதம் அடிபடும், பாதி வாக்குவாதம் அங்கதான் ஆரம்பிக்குது.

உலகத்துல எந்த ரெண்டு இடத்துக்கும் அதிகபட்ச தூரம் 20,000 கிலோமீட்டர் சுமாரு, ஏன்னா சுத்தளவு 40,000, அதுல பாதிக்கு மேல போனா வந்த பக்கமே திரும்ப ஆரம்பிச்சுருவோம். தைபேயும் பராகுவே தலைநகர் அசுன்சியானும் ஏறக்குறைய அப்படி எதிரெதிரா உக்காந்திருக்கு. நியூசிலாந்துக்கு நேர் கீழே ஸ்பெயின். அந்த மாதிரி ஜோடிக்கு நடுவுல நிக்காம போற பயணிகள் சேவை இதுவரைக்கும் கிடையாது. 2020 மார்ச்சுல பெருந்தொற்று சமயத்துல அமெரிக்கா வழியா போக முடியாம ஆனதால டஹிட்டியில இருக்குற பாப்பீட்ல இருந்து பாரீசுக்கு ஒரு போயிங் 787 நிக்காமலே பறந்துச்சு, 15,715 கிலோமீட்டர். பாப்பீட்டும் பிரான்ஸ் ஆட்சிப்பகுதிங்கறதால அது உள்நாட்டு விமானம், அதுதான் இதுல பெரிய வேடிக்கை.

சரி வேகத்துக்கு வருவோம். தூரம் பெரிய பயணத்துக்கு ஓட்டுற விமானங்கள் மாக் 0.84, 0.85 வேகத்துல போகும், அதாவது ஒலி வேகத்துல 85 சதவீதம். மேல 11 கிலோமீட்டர் உயரத்துல வெளியில குளிர் மைனஸ் 56 டிகிரி அளவுக்கு இருக்கும், குளிர்ல ஒலியும் மெதுவாத்தான் போகும், மணிக்கு சுமார் 1,060 கிலோமீட்டர், அதுல 85 சதவீதம்னா 900. இந்த 900ங்கிற நம்பர் 1960கள்ல இருந்து பெருசா மாறவே இல்ல. இன்ஜின் எவ்வளவோ முன்னேறிருச்சு, ஆனா அந்த முன்னேற்றம் முழுக்க எண்ணெய் மிச்சத்துக்குப் போச்சு, வேகத்துக்குப் போகல. ஒலி வேகத்தை நெருங்க நெருங்க இறக்கை மேல காத்து அடைச்சுக்கிட்டு இழுவை தாறுமாறா ஏறும், அந்த சுவரைத் தாண்ட, ஒலியை மிஞ்சிப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்ட் மாதிரி தனி உடம்பே வேணும். 1996 பிப்ரவரியில நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு 2 மணி 53 நிமிஷத்துல அது போச்சு, ஆனா அதால ஒரு மூச்சுல 7,000 கிலோமீட்டர் வாக்குலதான் பறக்க முடியும், 2003ல மூட்டை கட்டிட்டாங்க.

இனிமேதான் விஷயமே. இந்த 900 கிலோமீட்டர்ங்கறது காத்துக்குள்ள இருக்குற வேகம், தரையைப் பொறுத்த வேகம் இல்ல. ஆத்துல துடுப்பு போடுற மாதிரி நினைச்சுக்கோங்க, நீங்க எவ்வளவு வேகமா தள்ளினாலும் தண்ணி ஓடுற பக்கம் போனா கரை சீக்கிரம் நகரும், எதிர்த்துப் போனா கை வலிச்சும் கரை நகராது. மேல அந்த உயரத்துல காத்தே ஒரு ஆறாத்தான் ஓடுது, அதுக்குப் பேரு ஜெட் ஸ்ட்ரீம். மேற்கேயிருந்து கிழக்கே, சில நூறு கிலோமீட்டர் அகலத்துல, ஒரு சில கிலோமீட்டர் ஆழத்துல, வளைஞ்சு வளைஞ்சு உலகத்தைச் சுத்தி ஓடும், மணிக்கு 150, 200 கிலோமீட்டர்ங்கறது சாதாரணம், குளிர்காலத்துல 300க்கு மேலயும் போகும். பூமத்திய ரேகைப் பக்கம் சூடு, துருவத்துப் பக்கம் குளிர், இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம்தான் இதை ஓட்டுது, குளிர்காலத்துல அந்த வித்தியாசம் கூடுறதால காத்தும் கூடுது.

இதை முதல்ல அளந்து பாத்தவர்கள்ல முக்கியமானவர் ஜப்பான்ல இருந்த ஓயிஷி வாசபுரோ, 1920கள்ல பலூன் விட்டு விட்டு மேல காத்து எவ்வளவு வேகமா அடிக்குதுன்னு குறிச்சு வச்சாரு. உலகம் பூரா படிக்கணும்னு அதை எஸ்பெராண்டோ மொழியில எழுதினாரு பாருங்க, அங்கதான் போச்சு, எல்லாரும் படிக்கறதுக்குன்னு உருவாக்கின மொழியில எழுதினதால ஏறக்குறைய யாருமே படிக்கல. 1944ல ஜப்பான் மேல உயரமா பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் எதிர்க்காத்துல மாட்டி தரையே நகராம திண்டாடின பிறகுதான் மத்தவங்களுக்கு உறைச்சது.

2020 பிப்ரவரியில கியாரா புயல் சமயத்துல நியூயார்க்ல இருந்து கிளம்பின ஒரு ஜம்போ, அதாவது போயிங் 747, 4 மணி 56 நிமிஷத்துல லண்டன்ல இறங்குச்சு. நடுவுல தரையைப் பொறுத்த வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டிப்போச்சு. உடனே "ஒலி வேகத்தை மிஞ்சிட்டான்"னு எழுதினாங்க, அப்படியெல்லாம் இல்ல, அந்த விமானம் தன்னைச் சுத்தியிருக்குற காத்துல எப்பவும் போல 85 சதவீதத்துலதான் போச்சு, காத்தே அதைத் தூக்கிக்கிட்டு ஓடுச்சு. அதே ராத்திரி எதிர்ப்பக்கம் போனவங்க கதையை யாரும் செய்தியில போடல.

போகும்போது காத்து தள்ளினா வரும்போது தடுக்கும், ரெண்டும் சரிக்குச் சரியாயிடும்னு ஒரு நினைப்பு இருக்கு. ஆகாது. 9,000 கிலோமீட்டர் தூரம், 900 வேகம், காத்தே இல்லன்னா போக 10 வர 10, மொத்தம் 20 மணி நேரம். காத்து 100ன்னு வைங்க, போகும்போது 1,000 வேகம், 9 மணி நேரம். வரும்போது 800, 11 மணி 15 நிமிஷம். கூட்டினா 20 மணி 15 நிமிஷம். காத்து 200ன்னா 21 மணி நேரத்துக்கு மேல போயிடும். ஏன்னா காத்து உதவி பண்றப்ப அதுல நாம இருக்குற நேரம் கம்மி, உபத்திரவம் பண்றப்ப இருக்குற நேரம் ஜாஸ்தி. ரவுண்ட் ட்ரிப்ல காத்து எப்பவும் கடன்காரன்தான்.

இன்னொரு பழைய நம்பிக்கையும் இருக்கு, பூமி கிழக்கால சுத்துது அதனால மேற்கே போற விமானம் சும்மா மேல நின்னாலே ஊர் தானா கீழ வந்துரும், அதனால மேற்குப் பயணம் சீக்கிரம் முடியணுமேன்னு. பூமத்திய ரேகையில தரை மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்துல சுத்துறது நிஜம்தான், ஆனா காத்து மண்டலமும் அதோட சேந்தேதான் சுத்துது, இல்லன்னா நாம வாசலுக்கு வெளிய தலை நீட்ட முடியுமா! பூமியோட சுழற்சிக்கு இதுல பங்கு உண்டு, ஆனா நேரடியா இல்ல, துருவத்துப் பக்கம் போக நினைக்குற காத்தை அது கிழக்கால திருப்பி விடுது, அப்படித்தான் ஜெட் ஸ்ட்ரீம் பிறக்குது.

காத்து இவ்வளவு பெரிய ஆளுங்கறதால, குறுக்கு வழியை விட்டுட்டு நீளமான வழியில போறதும் லாபமாகலாம். மறுபடியும் சிங்கப்பூர் நியூயார்க். ரெண்டும் எதிரெதிர் பக்கம்னு பாத்தோமே, அதுல ஒரு வசதி இருக்கு, எந்தப் பக்கத்துல இருந்து கிளம்பினாலும் கிழக்கால போகலாம். சிங்கப்பூர்ல இருந்து போகும்போது பல நாள் பசிபிக் மேல கிழக்கால போவாங்க, நியூயார்க்ல இருந்து திரும்பும்போது அட்லாண்டிக் மேல அதுவும் கிழக்கால, ரெண்டு தடவையும் காத்து முதுகுல. பயணி போக வர ஒரு தடவை உலகத்தையே சுத்தி முடிச்சிருப்பாரு, தெரியாமலே. எந்த வழின்னு அன்னன்னைக்கு காத்து அறிக்கையைப் பாத்துதான் ஏர்லைன்ல பாதையைத் திட்டம் போடுற டிஸ்பேட்சர் முடிவு பண்ணுவாரு. இந்த தந்திரத்தை உச்சத்துக்குக் கொண்டு போனது 2005 நவம்பர்ல போயிங் நடத்தின ஒரு சோதனை, ஹாங்காங்ல இருந்து லண்டனுக்கு 777-200எல்ஆர் விமானத்தை வழக்கமான மேற்கு வழியில விடாம கிழக்கால பசிபிக், அமெரிக்கா, அட்லாண்டிக்னு அனுப்பினாங்க, 21,602 கிலோமீட்டர், 22 மணி 42 நிமிஷம். நேரா போயிருந்தா 9,650தான்.

காத்து மட்டும் தடையா இருந்தா பரவாயில்ல. வானத்துலயும் ரோடு இருக்கு, கேட் இருக்கு, கேட்டை மூடுறவங்களும் இருக்காங்க. வட அட்லாண்டிக் மேல ரேடார் எட்டாத இடத்துல நூத்துக்கணக்குல விமானம் போறதால, தினமும் ரெண்டு தடவை காத்தைப் பாத்து புதுசா பாதைகள் போடுவாங்க, பகல்ல மேற்கே போறவங்களுக்கு ஒரு செட், ராத்திரி கிழக்கே போறவங்களுக்கு ஒரு செட். இன்னைக்கு போன ரோடு நாளைக்கு அங்க இருக்காது.

ரெண்டு இன்ஜின் விமானத்துக்கு தனி விதி. ஒரு இன்ஜின் நின்னுட்டா மீதி ஒண்ணை வச்சுக்கிட்டு குறிப்பிட்ட நேரத்துக்குள்ள ஏதாவது ஒரு ஏர்போர்ட்டைத் தொடணும், இதை ஈடாப்ஸ்னு சொல்வாங்க. அமெரிக்காவுல 1953ல அந்த நேரம் 60 நிமிஷம்னு வச்சாங்க, 1985ல 120 ஆச்சு, இப்ப போயிங் 787க்கு 330 நிமிஷம், ஏர்பஸ் ஏ350க்கு 370 வரைக்கும் அனுமதி உண்டு. இந்த நம்பர் ஏறினப்பதான் கடல் மேல பாதையெல்லாம் நேராச்சு. தெற்கு அரைக்கோளத்துல சிட்னிக்கும் சிலி நாட்டு சான்டியாகோவுக்கும் நடுவுல பாத்தீங்கன்னா கீழே அண்டார்டிகா பக்கம் வளையுற பெருவட்டத்துல வழி நெடுக ஒரு ஏர்போர்ட் கூட கிடையாது, அதனால ரொம்ப காலம் அங்க நாலு இன்ஜின் விமானங்கள்தான் ராஜா.

திபெத் பீடபூமி இன்னொரு கதை. கேபின்ல அழுத்தம் போயிருச்சுன்னா விமானம் உடனே 10,000 அடிக்கு இறங்கணும், அங்க தரையே சராசரியா 14,000 அடிக்கு மேல இருக்கு, எங்க இறங்குறது? அதனால பெரும்பாலும் ஓரமாத்தான் போவாங்க. துருவத்துப் பக்கம் போனா எரிபொருள் உறையுற பயம், அமெரிக்காவுல போடுற ஜெட் ஏ மைனஸ் 40ல உறைய ஆரம்பிக்கும், மத்த இடங்கள்ல ஜெட் ஏ-1 மைனஸ் 47ல. இறக்கைக்குள்ள இருக்குற எண்ணெயோட சூட்டை பைலட் பாத்துக்கிட்டே இருப்பாரு, ரொம்ப குறைஞ்சா கொஞ்சம் கீழ இறங்கியோ வேகத்தைக் கூட்டியோ சமாளிப்பாரு.

ஆனா மலையும் குளிரும் செய்யாததை அரசியல் செய்யும். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்யா தன் வானத்தை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடினப்ப ரொம்ப அடிபட்டது ஹெல்சிங்கி டோக்கியோ ரூட்தான். சைபீரியா மேல நேரா போனா 9 மணி, 10 மணி நேரத்துல முடியுற பயணம் 13 மணி நேரமாச்சு, ஒண்ணு வட துருவத்தைச் சுத்தி, இல்லன்னா தெற்கால மத்திய ஆசியா வழியா. ரெண்டு ஏர்போர்ட்டும் இருந்த இடத்துலயேதான் இருக்கு, கால்குலேட்டர்ல போட்டா இன்னைக்கும் அதே 7,800 கிலோமீட்டர்தான் காட்டும். இது புதுசும் இல்ல, பனிப்போர் காலத்துல சோவியத் வானம் மூடிக் கிடந்தப்ப ஐரோப்பாவுல இருந்து டோக்கியோ போறவங்க அலாஸ்காவுல இருக்குற ஆங்கரேஜ்ல இறங்கி எண்ணெய் போட்டுக்கிட்டுதான் போனாங்க, 1957ல கோபன்ஹேகன் டோக்கியோ ரூட் அப்படித்தான் ஆரம்பிச்சது. 65 வருஷம் கழிச்சு பழைய பாதை புது பேர்ல வந்து நிக்குது.

எண்ணெய்ன்னு சொன்னதும் எனக்கு ஞாபகம் வர்றது சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்ங்கற பழமொழிதான். தூரப் பயணத்துல கடைசி மணி நேரத்துக்கு எரிக்கப்போற எண்ணெயை முதல் மணி நேரத்துல இருந்து சுமக்கணும், அதைச் சுமக்க எண்ணெய் எரிக்கணும், அந்த எண்ணெயைச் சுமக்க இன்னும் கொஞ்சம். சிங்கப்பூர் நியூயார்க் ஓடுற ஏ350-900யுஎல்ஆர் விமானத்துல 1,65,000 லிட்டர் பிடிக்கும், எடையில 130 டன்னுக்கு மேல, கிளம்பும்போது விமானத்தோட அதிகபட்ச எடையே 280 டன்தான். முழுசா நிரப்பினா ஏறக்குறைய பாதி எண்ணெய்! அதனாலதான் அதை ஓட்டுற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதே ஏ350ல மத்த ரூட்டுக்கு 250க்கு மேல சீட் போடுறப்ப இதுல 161 பேருக்கு மேல ஏத்துறதில்ல, எக்கானமியே கிடையாது. 2004ல இருந்து 2013 வரைக்கும் நாலு இன்ஜின் ஏ340-500ஐ வச்சு நியூயார்க் பக்கத்துல இருக்குற நியூவார்க்குக்கு இதே மாதிரி ஓட்டிப் பாத்தாங்க, எண்ணெய் செலவு தாங்காம நிறுத்தி, 2018ல புது விமானம் வந்த பிறகுதான் திரும்ப ஆரம்பிச்சாங்க.

டேங்க்ல இருக்குற எல்லாத்தையும் எரிச்சுடவும் முடியாது. போகவேண்டிய எண்ணெய், அதுக்கு மேல பொதுவா 5 சதவீதம் எதிர்பாராததுக்கு, இறங்குற ஏர்போர்ட் மூடியிருந்தா பக்கத்து ஏர்போர்ட் போக கொஞ்சம், அதுக்கும் மேல 30 நிமிஷம் வட்டமடிக்க. இந்தக் கடைசி 30 நிமிஷத்துல கை வைக்குற நிலைமை வந்தாலே பைலட் "மேடே ஃப்யூயல்"னு அவசர அழைப்பு கொடுக்கணும். எதிர்க்காத்து ரொம்ப பலமா இருக்குற நாள்ல ஏர்லைன் என்ன பண்ணும்னா சரக்கைக் குறைக்கும், சீட்டை காலியா விடும், அப்பவும் கணக்கு உதைச்சா வழியில எங்கயாவது இறக்கி எண்ணெய் ஊத்தும், அன்னைக்கு இடைநில்லா பயணம் இடைநின்ற பயணமாயிடும்.

அதிக தூரம்னா அதிக நேரம்னு நினைக்குறவங்களுக்கு ஒரு பழைய கதை. இரண்டாம் உலகப்போர் சமயத்துல 1943ல இருந்து 1945 வரைக்கும் ஆஸ்திரேலியாவோட பெர்த்ல இருந்து இலங்கையில காலி பக்கத்துல இருக்குற கொக்கல ஏரிக்கு கேட்டலினாங்கற பறக்கும் படகு, அதாவது தண்ணியில இறங்கி ஏறுற விமானம், ஓட்டினாங்க. தூரம் 5,600 கிலோமீட்டர்தான், இன்னைக்கு ஜெட்ல போனா 7 மணி நேர வேலை, அப்ப 27ல இருந்து 33 மணி நேரம். மொத்தமே மூணு பயணிகள்தான். ஒரே பயணத்துல ரெண்டு தடவை சூரிய உதயம் பாக்குறதால டபுள் சன்ரைஸ்னு பேரு. அந்தப் பேரை நினைவுல வச்சுதான் இப்ப சிட்னி லண்டன் நிக்காம போற திட்டத்துக்கு ப்ராஜெக்ட் சன்ரைஸ்னு வச்சிருக்காங்க, 2019 நவம்பர்ல சோதனைக்கு ஒரு 787 கிட்டத்தட்ட 50 பேரை மட்டும் ஏத்திக்கிட்டு லண்டன்ல இருந்து சிட்னிக்கு 19 மணி 19 நிமிஷத்துல வந்துச்சு, 17,800 கிலோமீட்டர்.

டிக்கெட்ல போட்டிருக்குற நேரம் வானத்துல இருக்குற நேரமும் இல்ல. அது பிளாக் டைம், கேட்ல சக்கரக் கட்டையை எடுத்து விமானம் நகர்றதுல இருந்து அந்தப் பக்கம் கேட்ல கட்டை வைக்குற வரைக்கும். ரன்வேக்கு ஊர்ந்து போறது, வரிசையில நிக்குறது, இறங்கும்போது வட்டமடிக்குறது எல்லாம் அதுல அடக்கம், நெரிசலான ஏர்போர்ட்ல ஊர்றதுக்கே அரை மணி நேரம் போகும். அதுக்கு மேல ஏர்லைன் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கும். அமெரிக்காவுல எல்லாம் சொன்ன நேரத்துல இருந்து 15 நிமிஷத்துக்குள்ள கேட்டைத் தொட்டா அது சரியான நேரம்னு கணக்கு, அதனால நேரத்தை தாராளமா சொல்லி வச்சா லேட்டா கிளம்பியும் நல்ல பேரு வாங்கிடலாம். "20 நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்"னு பைலட் பெருமையா அறிவிக்குறப்ப பாதி நாள் அந்த 20 நிமிஷம் டைம்டேபிள்லயே ஒளிஞ்சிருந்ததுதான். ஒரே ரூட்டுக்கு குளிர்கால டைம்டேபிள்ல ஒரு நேரமும் கோடையில ஒரு நேரமும் போட்டிருந்தா அது காத்துக்காக, அதுல ஏமாத்து ஒண்ணும் இல்ல.

இவ்வளவுக்கும் அப்புறம் ஒரு குத்துமதிப்பு வேணும்னா நான் போடுறது இதுதான், பெருவட்ட தூரத்தை 850ஆல வகுத்து அதோட 40 நிமிஷத்தைச் சேத்துக்கோங்க. ஏறுறதுக்கும் இறங்குறதுக்கும் ஊர்றதுக்கும் அந்த 40. 15,349ஐ வகுத்தா 18 மணி நேரம் சொச்சம், கூட்டினா 18 மணி 45 நிமிஷம் வாக்குல, அந்த விமானத்துக்கு அறிவிச்சிருக்குற நேரமும் அதைச் சுத்தித்தான். லண்டன் நியூயார்க்குக்குப் போட்டா 7 மணி 10 நிமிஷம் வரும், அதுக்கு மேற்கே போனா முக்கால் மணி கூட்டிக்கோங்க, கிழக்கே வந்தா கொஞ்சம் கழிச்சுக்கோங்க. தெற்கு வடக்கா போற ரூட்ல காத்து குறுக்கால அடிக்கறதால அவ்வளவு வித்தியாசம் வராது. சின்ன தூரத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது, ஸ்காட்லாந்துக்கு வடக்கே வெஸ்ட்ரேல இருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர், டைம்டேபிள்லயே 2 நிமிஷம்தான்.

கடைசியா கடிகாரம். டிக்கெட்ல கிளம்புற நேரமும் இறங்குற நேரமும் அந்தந்த ஊர் நேரத்துல இருக்கும், நேரா கழிச்சா மாட்டிக்குவோம். கோடையில சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் சரியா 12 மணி நேர வித்தியாசம், ராத்திரி 12 மணிக்கு கிளம்பி 18 மணி 40 நிமிஷம் பறந்தா இறங்குறப்ப அங்க அதே தேதி காலைல 6:40, பாக்குறவங்களுக்கு ஆறே முக்கால் மணி நேரத்துல போயிட்ட மாதிரி இருக்கும். ஆக்லாந்துல ராத்திரி 8 மணிக்கு ஏறி 12 மணி நேரம் பறந்து லாஸ் ஏஞ்சல்ஸ்ல இறங்கினா அங்க அதே நாள் காலையோ மதியமோதான் ஆகியிருக்கும், கிளம்புறதுக்கு முன்னாடியே வந்து சேந்துட்டீங்க. ரெண்டையும் ஒரே நேரத்துக்கு, அதாவது யுடிசிங்கற உலகப் பொது நேரத்துக்கு, மாத்திட்டு கழிச்சா குழப்பமே இல்ல, பைலட்டுங்க அப்படித்தான் வேலை பாக்குறாங்க. சமோவா நாடு 2011ல வியாபாரத்துக்காக தேதிக்கோட்டோட அந்தப் பக்கத்துக்கு மாறிக்கிச்சு, டிசம்பர் 29 வியாழக்கிழமை படுத்தவங்க எழுந்தப்ப 31 சனிக்கிழமை. பக்கத்துல இருக்குற அமெரிக்கன் சமோவா மாறல. இப்ப சமோவால இருந்து அமெரிக்கன் சமோவாவுக்கு சின்ன விமானத்துல அரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, ஆனா ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பினா சனிக்கிழமை காலைல இறங்கலாம், திரும்பி வர அதே அரை மணி நேரம்தான், காலண்டர்ல மட்டும் ஒரு நாள் போயிடும்.